படலையில் நிற்கிற மச்சான்

மரண அறிவித்தல் சொல்லுமுன் வல்லிபுரம் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு தரம் ஊதுவார், ஒரு தரம் செருமுவார், பிறகு வெற்றிலைச் சாற்றை ஓட்டோவின் வலப்பக்கத்தால் துப்புவார். அது முன் சீற்றில் இருக்கிற ஜெயந்தனின் தோளை உரசிக்கொண்டுதான் வெளியே போகும். துப்பல் கழுவினால் போய்விடும். ஜெயந்தனுக்கு இத்தனை வருசமாக வயிறு எரிவது அதற்குப் பிறகு வருகிற குரலுக்கு. ‘ஆரையம்பதியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட’ என்று தொடங்குகிற அந்தக் குரல், ஒருநாள் காலை ஜெயந்தனின் பெயரைச் சொல்லி, அவன் காலமாகிவிட்டான் என்று ஊர் முழுக்க அறிவித்தது.

அன்றைக்கு அவன் கல்லடிப் பக்கம் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்க்கப் போன சொந்தக்காரன் ஒருவன், தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைக் கண்டு, கிட்டப் போகாமலே அழுதுகொண்டு போன் எடுத்துவிட்டான். போன் சூடு ஆறுமுன்னே வல்லிபுரம் ஓட்டோவின் தலையில் லவுட்ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார். தான் தாலி அறுத்தவள் என்பதை ஜெயந்தனின் பெண்சாதி தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது லவுட்ஸ்பீக்கரில்தான் கேட்டாள். வாசல் படலையில் கட்ட வாழைமரமும் வெட்டியாயிற்று. மத்தியானம்போல ஜெயந்தன் கண்ணைத் திறந்து பிளேன்ரீ கேட்டான்.

அதோடு விட்டிருந்தாலும் மன்னித்திருப்பான். வல்லிபுரம் தொழிலில் நேர்மையான மனிசன். அன்று பின்னேரமே அதே ஒழுங்கைகளால் திரும்ப வந்து திருத்தம் அறிவித்தார். ‘இன்று காலை காலமானார் என அறிவிக்கப்பட்ட ஜெயந்தன் அவர்கள் காலமாகவில்லை என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறியத் தருகிறோம்.’

"வாய்ப்பழக்கமடா மனே," என்றார் பிறகு. "அந்த இடத்தில வருத்தம்தான் வரும். சந்தோசத்தோட அறியத்தாறம் எண்டு நான் எந்தச் செத்தவீட்டில சொல்லிப் பழகினன்?"

மீன் சந்தையில் இன்றைக்கும் ஜெயந்தனைக் கண்டால், "வருத்தத்தோட உயிரோட இரிக்கிற ஆள் வாறார், விலகுங்கடா," என்பார்கள்.

அப்படியானால் ஏன் அவருக்கே ஓட்டோ ஓட்டுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. பழைய ஓட்டுநர் கட்டாருக்குப் போனதும் வல்லிபுரம் வேலிக்கு மேலால் கூப்பிட்டுக் கேட்டார், இவன் ஓமென்றான். அந்த வாயை அடைக்க முடியாது, பிழையான பெயர் வந்தால் வண்டியையாவது நிறுத்தலாம் என்பது ஜெயந்தனின் கணக்கு.

நிறுத்த வேண்டிய தேவை வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு வல்லிபுரம் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும். ஒருவர் அழுகிறவர், மற்றவர் அழாதவர். "அழுகிறவன் பொய் சொல்ல மாட்டான். ஆனா பாக்காம அழுவான்," என்பது அவருடைய விளக்கம். அழாத ஆள் கிடைக்கும்வரை படலையில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். மாமியார் செத்த வீடுகளில் இது சுகமாக முடியும்.

ஆள் நெட்டை. வெள்ளைச் சேட்டு எப்போதும் அயன் பண்ணியிருக்கும். காத்தான்குடிக் கடையில் வாங்குகிற அத்தரை இரண்டு காதுக்குப் பின்னாலும் பூசுவார். செத்த வீட்டு மணத்துக்கு அது மருந்தாம். காத்தான்குடிப் பக்கம் பாங்கு சொல்லுகிற சத்தம் கேட்டால் அறிவித்தலைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஓட்டோவை மரநிழலில் விடச் சொல்லுவார். செத்தவர் அவசரப்பட மாட்டார் என்பார். இறந்தவர்களை அவர் தரம் பிரிப்பது உறவு வரிசையின் நீளத்தைக் கொண்டு. மருமக்கள் ஏழு பேர் உள்ள ஒருவரின் பெயரைச் சொல்லி முடிக்க ஒரு ஒழுங்கை போதாது; ஜெயந்தன் முதலாவது கியரில் ஊர வேண்டும். வீட்டிலும் அந்த வாய் சும்மா இராது. "சோறு ஆறுது எண்டத அறியத் தாறம்," என்று அவர் குசினிக்குக் குரல் கொடுத்தால், பெண்சாதி ஆச்சிப்பிள்ளை, "இந்த வாயக் கட்டிக்கொண்டு நான் பட்டதுக்கு எனக்கு ஆர் அறிவிப்பா?" என்பாள்.

அந்தக் குரல்தான் முதலில் தளர்ந்தது. உறவு வரிசை சொல்லும்போது மருமக்களுக்கு வருமுன்னே மூச்சு வாங்கியது. கழுத்தில் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் வந்தன. ஆச்சிப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மணம் பட்டாலே தலை சுற்றும். அதனால் பெரியாஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போகிற வேலையும் ஜெயந்தனின் தலையில் விழுந்தது.

டொக்டர் ஹிதாயா காத்தான்குடிப் பிள்ளை. சின்ன வயது, வேகமாகப் பேசுவாள், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழும்ப மாட்டாள். இரத்தம் எடுத்து, திரும்ப எடுத்து, அறிக்கையெல்லாம் வந்த பிறகு, "ஐயா, இது ரத்தப் புற்றுநோயில ஆறுதலா, மெதுவா நடக்கிற வகை," என்றாள். "உங்கட ரத்தத்தில ஒரு வெள்ளைச் செல் இரிக்கு. அது பெருகுறது மட்டுமில்ல பிரச்சின. சாகவேண்டிய நேரத்தில சாகாது. அப்பிடியே சேர்ந்துபோய்க் கிடக்கு."

வல்லிபுரம் கழுத்துக் கட்டியைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜெயந்தனின் பக்கம் திரும்பினார். "கேட்டியா மனே. ஊர்ல ஆரும் செத்தா நான் போறன். என்ட ஒடம்புக்குள்ள ஒருத்தனும் சாகிறானில்லயாம்."

செல்லுக்கும் சாவு உண்டா என்று அவர் கேட்க, ஹிதாயா மேசையில் கிடந்த கடதாசியைப் பிரட்டிப் படம் கீறினாள். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் தன்னைத்தானே முடித்துக்கொள்ளுகிற ஏற்பாடு பிறக்கும்போதே உண்டு. செல்லுக்குள்ளே இழைமணி என்று ஒரு சாமான். அதுதான் செல்லின் ஜெனரேற்றர், ஓடுகிற சக்தி எல்லாம் அங்கிருந்துதான். செல் பழுதாகிவிட்டால், முடித்துக்கொள் என்று சேதி காவிக்கொண்டு போகிற புரதங்கள் புறப்படும். அவை போய் அந்த ஜெனரேற்றரின் வெளித்தோலில் ஓட்டை போடவைக்கும். ஓட்டையால் ஒரு சின்னப் புரதம் வெளியே ஒழுகும். அது வெளியே வந்தால் வெட்டுகிற ஆட்கள் எழும்புவார்கள். செல் துண்டு துண்டாகி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டப்பட்டு, பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடும். சத்தமில்லை, வீக்கமில்லை.

"அப்ப வெளிச்சம் தாறவன்ட கையிலதான் கழுத்து நெரிக்கிற கயிறும் இரிக்கு," என்றார் வல்லிபுரம்.

"ஓம் ஐயா."

"அப்ப என்ட ஆக்கள் ஏன் சாகினமில்ல? சேதி போகேல்லயா?"

"சேதியெல்லாம் வந்து நிறைஞ்சுபோய் நிக்குது. ஆனா பீ.சீ.எல். ரெண்டு எண்டு ஒரு புரதம், அது காவல்காரன். சேதி கொண்டு போறவன அப்பிடியே புடிச்சு வச்சிரிக்கும், ஓட்டை போட விடாது. நல்ல செல்லிலயும் அது அளவா இரிக்கு. உங்கட நோய்ச் செல்லில அது கூடிப்போச்சு."

வல்லிபுரம் கதிரையில் நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம். "மச்சான்," என்றார்.

டொக்டருக்கு விளங்கவில்லை. ஜெயந்தனுக்கு விளங்கியது. மூத்த மகன் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் தகப்பன் செத்தால், மகனுக்கு ரிக்கற் சரிவந்து அவன் பிளேன் ஏறும்வரைக்கும் சேதியை வெளியே விடமாட்டார்கள். அறிவித்தலுக்குப் போகிற வல்லிபுரத்தை ஒரு மச்சான் படலையில் நின்று மறிப்பான். ‘இப்ப சொல்லாதீங்க அண்ணே, பெரியவன் வரட்டும்.’ உள்ளே ஆள் விறைத்துப் போய்க் கிடக்கும். வெளியே மச்சான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஒரு மச்சான் என்றால் வெற்றிலை கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு வீட்டுப் படலையில் நாற்பது மச்சான் நின்றால்?

ஹிதாயா சிரித்துவிட்டு, அந்த மச்சானின் கையை நிரப்பிவிடுகிற, வாயில் போட்டு விழுங்குகிற குளிசை ஒன்று இருக்கிறது என்றாள். சேதிக்காரனைப் பிடிக்கிற அதே இடத்தில் குளிசை போய் இருந்துகொள்ளும். மச்சானுக்குப் பிடிக்கக் கை இராது. சேதி தன்பாட்டில் ஜெனரேற்றருக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து ஆரையம்பதியில் ஒரு செத்தவீடும் ஒழுங்காக நடக்கவில்லை. அறிவித்தல் முடிந்ததும் வல்லிபுரம் பந்தலுக்குள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு செல்லின் சாவைத் தொடங்கிவிடுவார். "ஒழுங்காச் சாகிற செல், பேசாம பொட்டலம் கட்டிக்கொண்டு போயிரும். அடிபட்டு வெடிச்சுச் சாகிற செல் இரிக்கே, அது குடிகாரன் வந்த செத்தவீடு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரன்ட மண்டையும் உடையும்." கையை விரித்துக் காட்டுவார். "தாய் வயித்தில இது கரண்டி மாதிரித்தான் இருந்ததாம். இடைக்குள்ள இருந்ததுகள் செத்துத்தான் விரல் வந்தது. ஒவ்வொருத்தன்ட கையிலயும் நாலு செத்தவீடு நடந்து முடிஞ்சிரிக்கு, ஒண்டுக்கும் என்னைக் கூப்பிடேல்ல." அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட மூக்கைச் சிந்திவிட்டுத் தங்கள் விரல்களைப் பார்ப்பார்கள். தவளைக்குஞ்சின் வால் விழுவதும் அதே கதைதான் என்று அவர் சொன்னபோது, பெட்டிக்குக் கிட்ட இருந்த ஒரு கிழவர், "ஐயரக் கூப்பிடுங்கடா, இவர் தவளைக்குப் போயிட்டார்," என்றார்.

இவ்வளவு கதைத்த மனிசன் குளிசையை மட்டும் தொடவில்லை. நாளை, நாளை மறுநாள், சொந்தத்தில் ஒரு கலியாணம் முடியட்டும் என்று இழுத்தார். கழுத்துக் கட்டி நெல்லிக்காயிலிருந்து எலுமிச்சங்காய் ஆனது. ஹிதாயா ஜெயந்தனுக்குப் போன் எடுத்து, இனியும் பிந்தினால் தான் பொறுப்பில்லை என்றாள். இவன் அவரை ஏற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் இருத்தினான்.

"என்னத்துக்கு ஐயா பயம்?"

வல்லிபுரம் கூரை மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டொக்டர் மகள், குளிசைக்குக் கண்ணா இரிக்கு? சேதி பிழையான வீட்டுக்குப் போனா? சாகாதவனுக்குப் போய்ச் சேந்தா?"

ஜெயந்தனின் பக்கம் அவர் திரும்பவில்லை. ஜெயந்தன் கதவில் தொங்கிய நாட்காட்டியை வாசித்தான்.

"குளிசை சேதி கொண்டு போறதில்ல ஐயா," என்றாள் ஹிதாயா. "நீங்க அதைப் பிழையாச் சொல்லித் திரியிறீங்க. குளிசை கொல்லாது. மச்சான்ட கையக் கட்டும், அவ்வளவுதான். நல்ல செல்லில பெரும்பாலும் காத்து நிக்கிற சேதி இல்ல. படலை திறந்தாலும் போக ஆளில்ல. நோய்ச் செல்லிலதான் சேதி நெரிஞ்சுகொண்டு நிக்குது. ஒண்டு ரெண்டு நல்லதும் விழும், நான் பொய் சொல்லேல்ல. அதுக்குத்தான் கிழமைக்குக் கிழமை ரத்தம் பாக்கிறது."

"அப்ப ரெண்டு சாட்சி இரிக்கு. காத்து நிக்கிற சேதி ஒண்டு, ரத்தம் ஒண்டு," என்றார் வல்லிபுரம். அன்றைக்கு வார்ட்டில் படுக்கச் சம்மதித்தார்.

குளிசையை முழு அளவில் கொடுக்க மாட்டார்கள். முதல் கிழமை துளியளவு, அடுத்த கிழமை கொஞ்சம் கூட, அப்படியே படிப்படியாக. ஏனென்று இந்த முறை ஜெயந்தன்தான் கேட்டான். எல்லாச் செல்லும் ஒரே நாளில் செத்தால், உடைந்த சாமான் முழுக்க ஒரேயடியாக இரத்தத்துக்குள் கொட்டும், சிறுநீரகம் அதைக் கழுவித் தள்ள ஏலாமல் அடைபடும் என்று ஹிதாயா சொன்னாள். அதிலே பொட்டாசியம் என்று ஒன்று கூடினால் இதயம் நின்றுபோகும்.

"ஓம், விளங்குது," என்றார் வல்லிபுரம். வாய் வழக்கம்போல ஒரு பகிடிக்குத் திறந்தது, ஆனால் வேறு சொல் வந்தது. "சுனாமிக் கடல் வந்த அண்டைக்கு எங்கட ஊர்ல அப்பிடித்தான் நடந்தது. நான் மைக்கைத் தூக்கேல்ல. ஆருக்குச் சொல்லுறது?"

ஆகவே தண்ணீர் குடிக்க வேண்டும். போத்தல் போத்தலாக, பகல் முழுக்க. கழுவித் தள்ளுகிற வேலைக்குத் தண்ணீர்தான் ஆள். ஹிதாயா இன்னொன்றும் இருவரையும் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: வாழைப்பழம், தோடம்பழம், இளநீர் மூன்றும் இந்த நாட்களில் கூடாது. மூன்றிலும் அதே பொட்டாசியம் இருக்கிறது.

முதல் கிழமை ஒருவாறு போனது. இரண்டாம் கிழமை வல்லிபுரத்துக்குத் தண்ணீர் இறங்கவில்லை. ஒரு மிடறு குடித்தால் குமட்டினார். உதடு வெடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: குளிசை சூடு, இளநி குடுங்க, வயிறு குளிரும். மட்டக்களப்பில் காய்ச்சலுக்கும் இளநீர், கண் கடிக்கும் இளநீர், மாமியோடு சண்டை பிடித்து வந்தாலும் இளநீர். வல்லிபுரம் அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே தீர்ப்பும் எழுதினார். "டொக்டர் மகள் படிச்ச புத்தகம் தென்னைமரம் இல்லாத ஊர்ல அச்சடிச்சது. அவ தண்ணி குடிக்கச் சொன்னவ. இளநி தண்ணியில்லாம என்ன, மண்ணெண்ணெயா?"

ஜெயந்தனுக்கு அது சரி என்று பட்டது. சரி என்று படாவிட்டாலும், அந்த வெடித்த உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் ஏலவில்லை. தன் வீட்டு வளவில் செவ்விளநீர் வெட்டி, கண்ணைச் சீவித் தக்கை அடைத்து, துவாய்க்குக் கீழே பையில் மறைத்துக் கொண்டுவந்தான். வல்லிபுரம் குழந்தை பால் குடிக்கிற மாதிரிக் குடித்தார். ஹிதாயா வருகிற நேரத்தில் தண்ணீர்ப் போத்தல்களை ஜெயந்தன் கைகழுவுகிற இடத்தில் கவிழ்த்துவிட்டு வெறுமையாகக் காட்டினான். அவள், "கெட்டிக்காரர்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் படிக்குக் குளிசை கூட்டிய அன்று காலை அவருடைய கை கால் சோர்ந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. நெஞ்சு ஒருதரம் அடித்து ஒருதரம் விட்டுவிட்டு நடந்தது. இரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மெஷின் கக்கிய கடதாசியில் கோடுகள் கூடாரம் அடித்த மாதிரிக் கூராக நின்றன. ஹிதாயா கடதாசியைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"ஐயா, தண்ணியத் தவிர என்ன குடிச்சீங்க?"

"தண்ணிதான்," என்றார் வல்லிபுரம். அந்தக் குரலை ஜெயந்தனுக்குத் தெரியும். படலையில் மச்சான்மார் சொல்லுகிற குரல்.

"இளநி," என்றான் ஜெயந்தன். "நான்தான் கொண்டுவந்து குடுத்தன் டொக்டர். நாலு நாளா. தண்ணி குடிக்கவே இல்ல."

ஹிதாயா அவனைத் திட்ட நேரம் எடுக்கவில்லை. ஊசி மருந்து வந்தது, சேலைன் வந்தது, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். திரைக்கு வெளியே நின்ற ஜெயந்தனுக்கு ஒன்று மட்டும்தான் ஓடியது: இந்த மனிசன் இப்போது போய்விட்டால், ஊர் தன்னைப் பற்றி ஒன்றும் பேசத் தேவையில்லை. தானே போதும். அழுகிறவனும் தான்தான், அழாதவனும் தான்தான்.

பின்னேரம் கோடுகள் தணிந்தன. கூடாரங்கள் மெல்ல மெல்லப் பதிந்து, பழையபடி சின்னச் சின்ன மேடுகளாகின. ஹிதாயா திரையை விலக்கி, ஜெயந்தனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "நீங்க சொல்லாம விட்டிருந்தா இந்நேரம் இவரில்ல," என்றாள். அது புகழ்ச்சியா ஏச்சா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து கட்டில், அலுமாரி, பை எல்லாம் தானே பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள்.

வல்லிபுரம் கண்ணைத் திறந்து கிடந்தார். அத்தர் மணம் இல்லாமல் ஆள் வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"காட்டிக் குடுத்திட்டாய்," என்றார்.

"ஓம்."

"நான் செத்திருந்தா உனக்கு ஊர்ல மாலை போட்டிருப்பாங்கள். பழி வாங்கினதில இப்பிடிப் பொறுமையா வாங்கினவன் ஒருத்தனுமில்ல எண்டு."

"வாய மூடிக்கொண்டு கிடங்க அண்ணே."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைக் கண்ணால் காட்ட, ஜெயந்தன் எடுத்து அவர் கையில் வைத்தான். விரல்கள் இப்போது மடங்கின. ஆனால் அவர் குடிக்கவில்லை. கோப்பையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மைக் இல்லாத அவருடைய குரல் இவ்வளவு சின்னது என்று ஜெயந்தனுக்கு இதுவரை தெரியாது.

"மனே, கட்டிலுக்குக் கீழ பெட்சீற்றுக்குப் பின்னால இன்னும் ஒண்டு கிடக்கு. வெளியில கொண்டு போகாத, நேர்ஸ் புள்ளைகள் காணும். அது இங்க கிடந்தா எனக்கு ஆச வரும். நீ குடி. என்ட கண்ணுக்கு முன்னால குடிச்சு முடி."

ஜெயந்தன் முழங்காலில் குந்தி, கையை நீட்டித் துழாவி, இளநீரை வெளியே இழுத்தான். தக்கையைப் பல்லால் பிடுங்கி, அண்ணாந்து வாயில் ஊற்றினான். அவனுடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கண் வெட்டாமல் பார்த்தபடி வல்லிபுரம் கோப்பையை உயர்த்தி, அவன் ஒரு மிடறு குடிக்கத் தானும் ஒரு மிடறு பச்சைத் தண்ணீர் குடித்தார்.

"விடாத," என்றார். "அடி வரைக்கும் குடி."